ஏணியைக் கட்டாமல் ஏழையை ஏற்றாதீர்!

ஏற்றிவிட்டு ஏணியைத் தட்டிவிடுபவனைத் துரோகி என்று தமிழுலகம் தூற்றுகிறது. அரசியல் மேடைகளிலே இந்த உவமை அடிபடாத நாளில்லை. ஆனால், நின்றால் நிற்கும், வழுக்கினால் வழுக்கும் என்ற நிலையிலே ஓர் ஏணியைச் சுவரிற் சாத்திவிட்டு, நாட்கூலிக்கு வந்த ஒருவனை அதன் உச்சிக்கு ஏற்றிவிட்டு, நிழலிலே கதிரை போட்டு அமர்ந்திருக்கும் பெரிய மனிதரை என்னவென்று அழைப்பது? அவருக்கு எமது சமுதாயம் இன்னமும் ஒரு பெயர் வைக்கவில்லை. அதற்குப் பதிலாக, விழுந்தவனுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது: "கவனமில்லாதவன்". விழுந்ததற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறது: "விதி".

இவ்விரு பெயர்களையும் நாம் அடியோடு மறுக்கிறோம். கட்டப்படாத ஏணி வழுக்குவது விதியன்று, இயற்கையின் நியதி. அந்த நியதியை அறிந்திருந்தும், "அரை மணி நேர வேலைதானே" என்று கயிற்றையும் பலகையையும் மிச்சம் பிடிப்பது வெறும் கவனக்குறைவன்று. அது பிறன் உயிரில் மிச்சம் பிடிப்பதாகும். வேலை செய்பவனல்ல, வேலை செய்விப்பவரே இதற்கு முதற் பொறுப்பாளி. இதனைத் தீவகத்து மக்கள் முன்னிலையில் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவைக்க விரும்புகிறோம்.

மணலில் நிற்கும் ஏணி

மண்கும்பானை எடுத்துக்கொள்வோம். பெயரிலேயே மண்ணைச் சுமந்து நிற்கும் ஊர் அது. பண்ணைப் பாலத்தைக் கடந்து, மண்டைதீவுச் சந்தியையும் அல்லைப்பிட்டியையும் தாண்டி வேலணை நோக்கிச் செல்பவர் எவரும் அந்த வெண்மணற் பரப்பைக் காணாமற் செல்ல முடியாது. மணல் கண்ணுக்கு அழகு. ஆனால் ஏணிக்கு எமன். காய்ந்த மணல், பாரம் ஏறியவுடன் பக்கங்களில் விலகி ஓடும் தன்மையது. ஏணியின் இரு கால்களுக்கும் இடையே 15 அங்குல அகலம் என்று கொள்வோம். ஒரு கால் மற்றதைவிட அரை அங்குலம் கூடுதலாகப் புதைந்தாற் போதும். 16 அடி உயரத்திலே ஏணியின் தலை 6 அங்குலத்துக்கு மேல் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். நிலத்தில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாத அரை அங்குலம், மேலே நிற்பவனுக்கு மரண ஊசல்!

மணல் மட்டுமா? சோளகம் வீசும் மாதங்களிலே கடலிலிருந்து தடையின்றி வரும் காற்று, உயரத்தில் நிற்பவனின் சாரத்தைப் பற்றி இழுக்கிறது. உப்புக்காற்று இரும்பு ஏணியின் பொருத்துகளை அரித்துத் தின்கிறது. மூங்கில் ஏணியிலோ வெடிப்பும் உளுப்பும் வெளியே தெரிவதில்லை. சிலர் மர ஏணிக்கு வர்ணம் பூசி அழகுபார்க்கிறார்கள். அந்த வர்ணம் வெடிப்பை மூடி மறைக்கும் திரை என்பதை அவர்கள் உணர்வதில்லை.

முற்காலத்து ஓலை வீட்டின் தாழ்வாரம் கைக்கெட்டும் உயரத்தில் இருந்தது. இன்று நிலைமை வேறு. 1990இல் தீவக மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தனர். ஆண்டுக்கணக்கிற் பூட்டிக் கிடந்த வீடுகளில் வளைகள் உளுத்தன, சுவர்கள் வெடித்தன. அவற்றைத் திருத்தவும் ஏணி வேண்டும். கடல்கடந்த உறவினர் அனுப்பும் பணத்தில் எழும் மாடி வீடுகளுக்கும், அவற்றின் கண்ணாடி யன்னல்களைத் துடைப்பதற்கும் ஏணி வேண்டும். பிள்ளையார் கோயிலுக்கு வர்ணம் பூசுவதாயினும், பள்ளிவாசலுக்கு வெள்ளை அடிப்பதாயினும், சாட்டியிலுள்ள மாதா கோயிலின் ஓடு மாற்றுவதாயினும் ஏணியின்றி ஒரு காரியமும் நடவாது. கட்டடங்கள் உயர்ந்துவிட்டன. ஏணியைச் சாத்தும் முறை மாத்திரம் ஓலை வீட்டுக் காலத்திலேயே நிற்கிறது!

விழுந்தபின் நடப்பதையும் எண்ணிப் பாருங்கள். 16 அடி உயரத்திலிருந்து ஒருவன் நிலத்தை அடைய எடுக்கும் நேரம் ஏறத்தாழ 1 வினாடி. அப்போது அவனது வேகம் மணிக்கு 35 கிலோமீற்றர். மண்கும்பானில் விழுந்தவனையாவது பண்ணைப் பாலத்தின் வழியே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு வாகனத்திற் கொண்டு செல்லலாம். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் விழுந்தவனுக்கும் அந்த வைத்தியசாலைக்கும் இடையே கடல் கிடக்கிறது. முதுகெலும்பு முறிந்த ஒருவனைப் படகிலேற்றிக் குறிகட்டுவானுக்குக் கொண்டுவரும்போது, ஒவ்வோர் அலையும் அந்த முறிவின் மேல் விழும் அடியன்றோ? விழாமற் காப்பது தீவகத்தாருக்கு மற்றெவரைக் காட்டிலும் பன்மடங்கு அவசியம்.

ஏணி சொல்லும் பொய்

"முதற்படியில் ஏறிக் குலுக்கிப் பார்த்தேன், அசையவில்லை" என்கிறார்கள். ஏணி சொல்லும் மிகப் பெரிய பொய் இதுதான்! எப்படி என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சுவரில் 16 அடி உயரத்தைத் தொடும் ஓர் ஏணி. அதன் அடி சுவரிலிருந்து 4 அடி தள்ளி நிற்கிறது. ஏறுபவனின் எடை 70 கிலோகிராம். வழுவழுப்பான சுவர் பிடிமானம் எதுவும் தராது என்றும், ஏணியின் சொந்த எடையைப் புறக்கணிக்கலாம் என்றும் கொள்வோம். அவன் ஏணியின் காற்பங்கு உயரத்தில் நிற்கும்போது, ஏணியின் அடியை வெளிப்புறமாகத் தள்ளும் விசை ஏறத்தாழ 4 கிலோகிராம் எடைக்குச் சமம். உச்சியை அடையும்போது அதே விசை 17 கிலோகிராமைத் தாண்டுகிறது. அடியை 4 அடிக்குப் பதிலாக 8 அடி தள்ளி வைத்திருந்தாலோ, உச்சியில் அது 35 கிலோகிராம்! ஆகவே கீழே நிற்கையில் ஏணி அசையாதிருப்பது எதற்கும் சான்றாகாது. மனிதன் மேலே போகப்போகத்தான் அதன் கால் வழுக்கத் துடிக்கிறது. எந்த இடத்திலிருந்து விழுந்தால் உயிர் போகுமோ, சரியாக அந்த இடத்துக்கு வந்தபின்னரே ஏணி கைவிடுகிறது.

இதனாலேயே உயரத்தில் நான்குக்கு அடியில் ஒன்று என்பது உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட விதியாயிற்று. அதைவிடச் சாய்த்தால் அடி வழுக்கும். அதைவிட நிமிர்த்தினால் ஏணி பின்னோக்கிச் சரியும். ஆனால் இந்த விகிதம் மாத்திரம் ஒருவனைக் காப்பாற்றிவிடாது. விகிதம் ஆபத்தைக் குறைக்கிறது. கயிறுதான் உயிரைக் காக்கிறது.

நான்கு சாக்குகள்

முதற் சாக்கு: "எங்கள் பாட்டன் கட்டிவிட்டா ஏறினான்?" ஆம், ஐயா, கட்டிவிட்டுத்தான் ஏறினான்! பனையேறும் தொழிலாளி காலிலே தளநார் மாட்டிக்கொண்டு ஏறுவதை நீங்கள் கண்டதில்லையா? அந்த நார் அவனுடைய பாதங்களை மரத்தோடு பிணைக்கிறது. மரமோ மண்ணில் வேரூன்றி நிற்கிறது. வேரூன்றிய மரத்திலேயே நார் மாட்டி ஏறியவன் பாட்டன். வேருமில்லாத, கட்டுமில்லாத ஏணியில் கூலியாளை ஏற்றுகிறவன் பேரன். இதில் பாட்டனைச் சாட்சிக்கு அழைப்பது எவ்வளவு துணிச்சல்!

இரண்டாவது சாக்கு: "கீழே ஒருவன் பிடித்துக்கொள்கிறான், போதாதா?" மேற்பகுதியைக் கட்டி முடிக்கும்வரை அடியில் ஒருவன் நிற்க வேண்டியதுதான். ஆனால் கட்டுக்குப் பதிலாக அவனையே நம்புவது பேதைமை. ஏணியின் தலை பக்கவாட்டிற் சரியும்போது அடியிற் பிடித்திருப்பவன் அதைத் தாங்கமாட்டான். பிடித்தவனுக்குத் தாகமெடுக்கும், கைத்தொலைபேசி ஒலிக்கும், தெருவிலே தெரிந்தவர் போவார். கயிற்றுக்குத் தாகமுமில்லை, தெரிந்தவருமில்லை.

மூன்றாவது சாக்கு: "தொழில் தெரிந்தவன் விழமாட்டான்." ஏணியின் கால் வழுக்குவதற்கும் ஏறியவனின் திறமைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. மணல், கற்றறிந்தவனையும் புதியவனையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. முப்பதாண்டு அனுபவம் என்பது முப்பதாண்டு காலம் ஏணி வழுக்கவில்லை என்பதற்கு மட்டுமே அத்தாட்சி.

நான்காவது சாக்கு: "அதற்கெல்லாம் ஏது நேரம், ஏது காசு?" இந்தச் சாக்கைச் சொல்பவரின் வளவைச் சுற்றிப் பாருங்கள். மாடு முளையிற் கட்டப்பட்டிருக்கிறது. தோணி கரையிற் கட்டப்பட்டிருக்கிறது. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிய வைக்கோல் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டப்பட்டிருக்கிறது. ஓடினாற் பிடிக்கக்கூடிய மாட்டுக்குக் கயிறுண்டு. சரிந்தால் அள்ளக்கூடிய வைக்கோலுக்குக் கயிறுண்டு. விழுந்தால் மீளாத மனிதனுக்கு மாத்திரம் கயிறு பஞ்சமாகிவிட்டதா? வெட்கம்!

கட்டும் முறை இதுதான்

வெறுங் கண்டனத்தோடு நிறுத்துவது எமது நோக்கமன்று. செய்யவேண்டியதை உழவரும் உத்தியோகத்தரும் ஒருங்கே விளங்கிக்கொள்ளுமாறு சொல்கிறோம்.

மணல் நிலத்தில் ஏணியை நேராக ஊன்றலாகாது. மணலைச் சமப்படுத்தி, அகன்ற கனமான பலகையொன்றைப் போட்டு, அதன்மேல் இரு கால்களும் நிற்குமாறு வைக்க வேண்டும். கால்கள் பின்வாங்காதபடி பலகையின் வெளிவிளிம்பில் ஒரு மரச்சட்டத்தை அறைய வேண்டும். பலகையே நகராதபடி அதற்கு வெளியே இரண்டு முளைகளை ஆழமாக அடிக்க வேண்டும். அடிப்படியிலிருந்து சுவரின் அடியிலுள்ள உறுதியான தூணொன்றுக்கு ஒரு கயிற்றை இழுத்துக் கட்டினால், வெளியே வழுக்கும் விசையை அந்தக் கயிறு நேரே எதிர்த்து நிற்கும்.

மேற்பகுதியில், ஏணியின் இரு நெடுமரங்களையும் கட்ட வேண்டும். ஒன்றை மட்டும் கட்டினால் ஏணி அதைச் சுற்றித் திரும்பிவிடும். படியில் மட்டும் கட்டுவதும் தகாது. எதிலே கட்டுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். மழைநீர்ப் பீலியிற் கட்டுவதும், அதிலே ஏணியைச் சாத்துவதும் தற்கொலைக்கு ஒப்பானவை. நெடுங்காலம் பூட்டிக் கிடந்த வீட்டின் உளுத்த வளையும் அப்படியே. யன்னல் துடைக்கும்போது கண்ணாடியிற் சாத்தலாகாது. யன்னலின் அகலத்தைவிட நீளமான குறுக்குப் பலகையொன்றை ஏணியின் தலையிற் பிணைத்து, அதன் இரு முனைகளும் இருபக்கச் சுவரிற் படியுமாறு சாத்த வேண்டும். கட்டுவதற்கு வேறிடம் இல்லையாயின், திறந்த யன்னலொன்றின் உட்புறத்தில் சுவரோடு சுவராகக் குறுக்கே ஒரு வலுவான மரத்தை வைத்து, அதிலிருந்து கயிற்றை வெளியே எடுத்து ஏணியைக் கட்டலாம்.

கூரைக்கு ஏறி இறங்குவதாயின், ஏணி கூரை விளிம்புக்கு மேல் 3 அடியாவது நீண்டிருக்க வேண்டும். கைப்பிடிக்கு அது வேண்டும். சுவரிற் சாய்ந்த ஏணியின் மேல் மூன்று படிகளில் நிற்கலாகாது. ஏறும்போதும் இறங்கும்போதும் இரு கைகளிலும் இரு கால்களிலும் எப்போதும் மூன்று ஏணியிற் பதிந்திருக்க வேண்டும். வாளியைக் கையிற் சுமக்காது, மேலே சென்றபின் கயிற்றினால் இழுத்துக்கொள்ள வேண்டும். இடுப்பு ஏணியின் இரு நெடுமரங்களுக்கு வெளியே போகுமளவுக்கு எட்டிச் சாய்வதைவிட, இறங்கி ஏணியை நகர்த்துவதே அறிவு. மின்கம்பிக்கு அருகில் அலுமினிய ஏணியைக் கொண்டுசெல்லவே கூடாது.

இவை எல்லாவற்றிலும் மேலான வழி, ஏறாமலே வேலையை முடிப்பது. நீண்ட கோலில் துடைப்பானைக் கட்டி நிலத்தில் நின்றபடியே துடைக்கக்கூடிய யன்னலுக்கு ஏணி எதற்கு? புது வீடு கட்டும் பொறியியலாளரும் படம் வரைவோரும் இங்கே தம் கடமையை உணர வேண்டும். உள்ளே நின்று துடைக்கத்தக்கதாக மாடி யன்னலை அமைப்பது கடினமா? தாழ்வாரத்தின் கீழே, சுவர் எழும்பும்போதே, ஏணி கட்டுவதற்கென நான்கு இரும்பு வளையங்களைக் கொங்கிறீற்றிற் பதித்துவிட எவ்வளவு செலவாகும்? வாசலில் பதிக்கும் பளிங்குக் கல் ஒன்றின் விலை போதுமே!

ரொறன்ரோ தரும் பாடம்

எமது உறவினர் பல்லாயிரவர் வாழும் கனடாவின் ரொறன்ரோ நகரில், 2009ஆம் ஆண்டு டிசெம்பர் 24ஆம் நாள், நத்தாருக்கு முன்தினம், ஒரு மாடிக் கட்டடத்தின் முகப்பு மாடங்களைத் திருத்திக்கொண்டிருந்த தொழிலாளர்களின் தொங்கு மேடை 13ஆம் மாடி உயரத்தில் இரண்டாக முறிந்தது. பாதுகாப்புக் கயிற்றில் முறையாகப் பிணைக்கப்பட்டிருந்த ஒரு தொழிலாளி அந்தரத்தில் தொங்கி உயிர் தப்பினார். பிணைக்கப்படாத ஐவர் வீழ்ந்தனர், அவர்களில் நால்வர் மாண்டனர், ஒருவர் படுகாயமுற்றார். மேடையும் ஒன்றே, வேலையும் ஒன்றே. வாழ்வுக்கும் சாவுக்கும் இடையே நின்றது ஒரு கயிறு.

அத்துடன் அது முடிந்துவிடவில்லை. "விதி" என்று கூறி அந்நாட்டு நீதிமன்றம் கோவையை மூடவில்லை. போதிய பாதுகாப்புக் கயிறுகள் இல்லை என்பதை அறிந்தும் வேலையை நடத்திய திட்ட முகாமையாளருக்கு 2016இல் மூன்றரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. ஏறியவரைக் குற்றவாளி ஆக்காமல், ஏற்றியவரைக் கேள்வி கேட்டது.

பிரித்தானியாவிலும் 2005ஆம் ஆண்டிலிருந்து உயரத்தில் வேலை செய்வது பற்றிய ஒழுங்குவிதிகள் உள்ளன. இயன்றால் உயரத்துக்கு ஏற்றாதே. ஏற்றுவதாயின் விழாமற் காத்துக்கொள். விழுவதைத் தடுக்க இயலாதாயின் விழுந்தாலும் கேடு குறைய வழிசெய் — இதுவே அவற்றின் சாரம். இந்தக் கடமையை அவை வேலை கொடுப்பவர் மீதும், வேலையைக் கட்டுப்படுத்துபவர் மீதும் சுமத்துகின்றன.

அந்நாடுகளில் தலைக்கவசமின்றி வேலைத்தலத்தில் கால்வைக்க முடியாது என்பதை நன்கறிந்த எம்மவர், விடுமுறைக்கு ஊருக்கு வந்ததும் அதை விமான நிலையத்திலேயே விட்டுவிடுகிறார்களா? அங்கே மனிதனுக்கு ஒரு விலை, இங்கே வேறொரு விலையா? தொலைபேசியிலே வர்ணத்தின் நிறத்தைப் பற்றி நாள்தோறும் விசாரிப்பவர்கள், "ஏணியைக் கட்டினீர்களா?" என்று ஒரு தடவையாவது விசாரித்ததுண்டா?

சட்டம் பின்னால் வரும்; கயிறு முன்னால் வரவேண்டும்

எமது நாட்டில் சட்டமே இல்லையென்று நாம் கூறவில்லை. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆனால் அதன் பெயரே அது யாரை மனத்திற் கொண்டு எழுதப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறது. மண்கும்பானில் ஒரு வீட்டுச் சுவரிற் சாத்திய ஏணியை எந்தப் பரிசோதகர் வந்து பார்க்கப்போகிறார்? 1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும் இருக்கிறது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதன் உச்சத்தொகையை ஐந்தரை இலட்சம் ரூபாயிலிருந்து 20 இலட்சம் ரூபாயாக உயர்த்தியது. நல்லது. ஆனால் வாய்ச்சொல்லில் அமர்த்தப்பட்டு, மாலையிற் கூலி வாங்கிச் செல்பவனின் விதவை, எந்தத் துண்டுக் கடுதாசியைக் காட்டி உரிமை கோருவாள்? 20 இலட்சமே கிடைத்தாலும் தகப்பனை அது திருப்பித் தருமா?

உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, ஆண்டுதோறும் உலகில் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். அவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் எம்மைப் போன்ற வருவாய் குறைந்த, நடுத்தர வருவாயுள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள். செல்வர் நாட்டு மனிதனின் எலும்பு இரும்பாலானதன்று. அவன் ஏறுமுன் யாரோ ஒருவர் கேள்வி கேட்கிறார்; இங்கே எவரும் கேட்பதில்லை.

ஆகவே நாம் கேட்கிறோம்.

வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவுப் பிரதேச சபைகளைக் கேட்கிறோம்: உங்கள் தெருவிளக்கு வேலைக்கும் கட்டடத் திருத்த வேலைக்கும் கொடுக்கும் ஒப்பந்தங்களில், "ஏணி மேலும் கீழும் கட்டப்பட்டிருக்க வேண்டும்" என்ற ஒரு வரியைச் சேர்ப்பதற்கு எந்த அமைச்சரின் அனுமதி வேண்டும்? கோயில் பரிபாலன சபையாரைக் கேட்கிறோம்: கும்பாபிஷேகத்துக்கு இலட்சக்கணக்கிற் செலவிடும் நீங்கள், கோபுரத்தில் ஏறுபவனுக்குச் சாரம் கட்டுவதற்கும், ஏணியைக் கட்டுவதற்கும் முதலிற் பணம் ஒதுக்கினால் இறைவன் கோபித்துக்கொள்வானா? சனசமூக நிலையங்களையும் கமக்காரர் அமைப்புகளையும் கேட்கிறோம்: ஊருக்கு ஒரு நல்ல ஏணி, இரண்டு பலகை, நான்கு முளை, போதிய கயிறு ஆகியவற்றை வாங்கி வைத்து, வேண்டியோர்க்கு இரவல் கொடுக்க உங்களால் இயலாதா? பாடசாலை அதிபர்களைக் கேட்கிறோம்: வகுப்பறையின் ஓட்டை ஒழுக்கை அடைக்க, பெற்றோரில் ஒருவரையோ உயர்வகுப்பு மாணவரையோ மேசைமேல் கதிரை வைத்து ஏற்றும் வழக்கம் எங்கேனும் இருக்குமாயின், அதை இன்றே நிறுத்துவீர்களா?

தொழிலாளத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கட்டாத ஏணியில் ஏற மறுப்பது கோழைத்தனமன்று; அது உங்கள் உரிமை. ஒருவன் மறுத்தால் முதலாளி இன்னொருவனைத் தேடுவார். ஊரே மறுத்தால் அவர் கயிற்றைத் தேடுவார்!

போரிலே எமது தீவகம் இழந்த உயிர்கள் போதும். அவற்றைத் தடுக்கும் வலிமை அன்று எம் கையில் இருக்கவில்லை. ஏணியைக் கட்டும் கயிறோ இன்று எம் வீட்டுக் கோடியிலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது. இனியும் அதை எடுக்காமல் ஒருவனை மேலே ஏற்றுகிறவர், அவன் வீழ்ந்தபின் விதியைத் துணைக்கு அழைக்க வேண்டாம். ஊர் அவரைத்தான் கேட்கும்; கேட்க வேண்டும்.